உள்தாழ்ப்பாள்

அதிகாலை ஐந்தே முக்காலுக்குத் தொலைபேசி.
வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபத்திரண்டு.
"ஐஸ் அரங்கம், இரண்டாம் மாடி, 214.
பூட்டை மாற்று. யாரிடமும் பேசாதே."
எதற்கென்று நான் கேட்கவில்லை.
இருபத்தாறு வருடமாக
இந்தக் கல்லூரியின் சாவிகள் என் இடுப்பில்.
எதற்கென்று கேட்காததால்தான்
இன்னும் அங்கே தொங்குகின்றன.

கதவில் பித்தளை எழுத்தில் ஹாக்லண்ட்.
தலைமைப் பயிற்சியாளர், ஆண்கள் ஹாக்கி.
மண்டியிட்டேன்.
பூட்டுக்காரன் எல்லாக் கதவுக்கும் மண்டியிடுவான்,
இதில் விசேஷம் ஒன்றுமில்லை.
இரண்டு திருகு. உருளை கழன்று
உள்ளங்கையில் விழுந்தது.
உள்ளே ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது.
மூன்று கோப்பைகள்; ஒன்றில் பேனாக்கள்.

வடக்கு டகோட்டாவின் இந்த மூலையில்
அவர் காருக்குப் பெட்ரோல் போட்டுக் காசு வாங்காத பங்க் உண்டு.
அரையிறுதி நாளில்
பாஸ்டர் பிரசங்கத்தை எட்டு நிமிடம் முன்னதாக முடித்தார்.
என் மகன் ஒரு பருவம் அவரிடம் ஆடினான்.
வேகம் குறையாமல் இடப்பக்கம் திரும்ப
அவர்தான் கற்றுக்கொடுத்தார்.
அதை இல்லையென்று சொல்ல மாட்டேன்.

இரண்டு குளிர்காலத்துக்கு முன், பிப்ரவரி.
அணியின் பயணச்சீட்டுகளைப் பார்த்துக்கொண்ட
கரிசா வோல்ட்ஸ்
நிலவறையில் என் பட்டறைக்கு இறங்கி வந்தாள்.
கையுறையைக் கழற்றவில்லை.
"212. உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள் வேண்டும்."
படிவம் ஏழு, என்றேன்.
துறைத்தலைவர் கையெழுத்து, என்றேன்.
அவள் தாளைப் பார்த்தாள்.
கையெழுத்துக்கான கோட்டுக்குக் கீழே
அச்சில் ஏற்கெனவே இருந்தது அவர் பெயர்.
நான்காக மடித்துக் கையுறைக்குள் செருகிக்கொண்டாள்.
"குளிர் அதிகம், இல்லையா?"
"வாரக்கடைசியில் குறையும்," என்றேன்.

தாழ்ப்பாள் விலை ஆறு டாலர் நாற்பது.
பெட்டியில் அன்று பதினொன்று இருந்தன.
எண்ணி வைப்பது என் வழக்கம்.

பத்து மணிக்குத் தலைவர் ஒலிபெருக்கி முன் நின்றார்.
பணியிட நடத்தை, என்றார். விழுமியங்கள், என்றார்.
ஏழு பெண்கள்.
முதல் புகாருக்கு வயது பதினான்கு.
அது எந்த இழுப்பறையில் கிடந்திருக்கும்?
அந்த இழுப்பறைக்குப் பூட்டுப் போட்டதும்
நானாகத்தான் இருக்க வேண்டும்.

மதியம் உணவுக்கடையில்:
தொட்டுப் பேசுகிற மனுஷன், அவ்வளவுதான்.
சனிக்கிழமை ஆட்டத்தை யார் பார்ப்பது?
யாராம் அந்தப் பெண்கள்?
ஊர் வாய்க்கு உலைமூடி இல்லை என்பார்கள்,
என்னிடம் பூட்டும் இல்லை.
சூப்பைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன்.

நான்கு மணிக்கு அவரே வந்தார்,
வாழைப்பழ அட்டைப்பெட்டியோடு.
நடைபாதைக் கோடியில்
நான் குழல்விளக்கு மாற்றுவதுபோல் ஏணியில் நின்றேன்.
சாவியை நுழைத்தார். எடுத்தார்.
கோட்டில் துடைத்து மறுபடி நுழைத்தார்.
பனித்தளம் முழுக்க இருபது பையன்களை
ஒரே சத்தத்தில் நிறுத்தும் குரல்
"வெண்டல், இது திரும்பமாட்டேன் என்கிறது" என்றது,
மிக மெல்ல.
படிவம் ஏழு என்று சொல்ல வாயெடுத்தேன்.
சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.
காவலர் வரும்வரை
ஏணியிலேயே நின்றேன்.

எல்லோரும் போனபிறகு 212.
கரிசா போன ஆகஸ்டிலேயே போய்விட்டாள்,
எந்த ஊருக்கென்று யாருக்கும் தெரியவில்லை.
இப்போது அங்கே புள்ளிவிவரம் பார்க்கும் ஒரு பையன்,
காதில் ஹெட்போன்.
நான் துளை போடுவதை வேடிக்கை பார்த்தான்.
"நான் கேட்கவேயில்லையே?"
தெரியும், என்றேன்.
"யாரை வெளியே நிறுத்த?" என்று சிரித்தான்.
நான்கு திருகு. தள்ளிப் பார்த்தேன்.
எண்ணெய்கூடத் தேவையில்லை, வழுக்கிக்கொண்டு போனது.

பெட்டியில் ஒன்று குறைகிறது.
பேரேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.
கேட்டவர் என்ற கட்டத்தில் அவள் பெயரை எழுதிவிட்டேன்.
தேதி என்ற கட்டத்தில்
என்ன எழுத?