அழித்த பின் ஓடிய தூரம்

ஸ்டியரிங்குக்குக் கீழே, முழங்கால் இடிக்கும் இடத்தில்
பதினாறு துளைகளோடு ஒரு சின்ன வாய்.
மல்லாந்து படுத்துத்தான் ஸ்கேனரைச் செருக வேண்டும்.
அப்படிக் கிடக்கையில் தவக்குமார் கேட்கிறார்:
“பாஸ் எப்ப வருவார், தங்கச்சி?”
வந்து எட்டு வருசம் என்கிறேன்
டாஷ்போர்டுக்கு அடியிலிருந்து.

வெள்ளை வாகன் ஆர். தரகர் அவர்.
வாங்க வந்தவர் பரீனா ரீச்சர்,
கிண்ணியாப் பாலம் கடந்து பஸ்ஸில்,
மடியில் இறுக்கிப் பிடித்த கைப்பையோடு.

திறப்பைத் திருப்பினால்
விளக்கெல்லாம் எரிந்து, விளக்கெல்லாம் அணைந்து,
தலைவாரிப் பவுடர் போட்ட பிள்ளைபோல் நிற்கிறது கார்.
“பாருங்க, ஒரு லைற் இருக்கா?”

இல்லைதான்.

இந்தக் கம்பியூட்டருக்கு எஞ்சின் இருமுவது கேட்காது.
அதற்குத் தெரிந்த பாஷை வோல்ற்று மட்டும்.
புகைக்குழாய்க்குள் வெந்துகொண்டிருக்கும் ஒட்சிசன் சென்சர்
தசம் ஒன்று, தசம் ஒன்பது, தசம் ஒன்று என்று
ஊஞ்சலாடும்வரை நிம்மதி.
ஊஞ்சல் ஒரு பக்கத்திலேயே நின்றுவிட்டால்
பெற்றோலைக் கொஞ்சம் கூட்டிப் பார்க்கும்,
இன்னும் கொஞ்சம்,
ஊற்ற ஊற்ற நிரம்பாத பானை என்றால்
சந்தேகப்படும்.

உடனே கத்தாது. அதுதான் எனக்குப் பிடித்தது.
முதல் தடவை பென்சிலால் குறித்துவைக்கும்.
எஞ்சின் ஆறி, அடுத்த பயணத்திலும் அதே பிழை என்றால்தான்
பேனை எடுக்கும், மஞ்சள் விளக்கை ஏற்றும்.
பிழைத்த அந்தக் கணத்தையும் உறையவைத்து வைத்திருக்கும்:
வேகம் அறுபத்திரண்டு,
தண்ணீர் தொண்ணூற்றொரு பாகை,
மிதி பாதி அழுத்தத்தில்.
எந்த வீதி என்று மட்டும் அதற்குத் தெரியாது.

போன மாதம் மூதூர் வான் ஒன்று.
சென்சரில் குற்றம் என்று குறி வந்ததாம்;
வேறொரு கராஜில் மூன்று சென்சர் மாற்றியிருந்தார்கள்.
குறி சொல்வது யார் அழுதது என்று.
கிள்ளியது யார் என்று நாம்தான் தேட வேண்டும்.
கிள்ளியது கடற்காற்று:
வயர் முனையில் பச்சை பூத்து,
நகத்தால் சுரண்டினால் உதிர்ந்தது.

இன்றைக்குத் திரையில்,
பிழைக்குறிகள்: பூச்சியம்.
தவக்குமார் பொக்கற்றில் பேனை தேடுகிறார், ரசீது எழுத.
நான் அடுத்த பக்கத்துக்குப் போகிறேன்.
ஒட்சிசன் சோதனை: முடியவில்லை.
கற்றலிற்றிக்: முடியவில்லை.
பெற்றோல் ஆவி: முடியவில்லை.
சோதனை எழுதாத பிள்ளையின் தாளிலும்
சிவப்புக் கோடு இருக்காது, ரீச்சர்.
கடைசி வரி:
குறிகள் அழித்த பின் ஓடிய தூரம், நாலு கிலோமீற்றர்.

உப்புவெளியில் அவர் வீடு.
அங்கிருந்து இங்கே நாலு.

“பற்றரி கழற்றிப் பூட்டினது,” என்கிறார்.
அதுவும் நடக்கிறதுதான்.
கழற்றினாலும் இதே நாலைத்தான் காட்டும்;
காரணம் எழுதுவதற்கு அதில் கட்டம் இல்லை.

“நிலாவெளி வரைக்கும் ஓட்டிப் பாக்கட்டா?” என்றார் ரீச்சர்.
பெற்றோல் காசு பற்றித் தவக்குமார் எதையோ முணுமுணுத்தார்.
போனார்கள்.
நான் ஒரு பிளேன்ரீ குடித்தேன்.
ஒரு ஓட்டோவுக்கு ஹோர்ன் பூட்டினேன்.

திரும்பி வந்தபோது விளக்கு இன்னும் இல்லை.
செருகினேன்.
பென்சில் எழுத்தில் ஒன்று:
கலவையில் காற்று அதிகம்.
பொனற்றைத் திறந்து குழாய்களின் மேல் ஸ்பிரே அடிக்க,
ஒரு வளைவில் எஞ்சினின் தொனி மாறியது.
விரல் நீளத்துக்கு வெடித்த ரப்பர்.
புதிது போட்டால் சில ஆயிரம்.
தவக்குமார் இதைச் சொல்லியிருந்தாலே போதும்.

“மாத்திட்டு அழிச்சிரட்டா?” என்றேன்.
“அழிக்க வாணாம். அதுவே பாத்துட்டு அழிக்கும்தானே?”
அழிக்கும். பிழை திரும்பி வராவிட்டால்
தானாகவே அழித்துவிடும்.

விலையில் தொண்ணூறாயிரம் இறங்கியது,
ஒரு சத்தியமும் இரண்டு ஏச்சும் செலவாக.
ஸ்கேனுக்கு ரெண்டாயிரம் என்றேன்.
அவர் இவரைப் பார்த்தார்.
இவர் அவரைப் பார்த்தார்.

அதற்கு இன்னும் ஒரு குறி
யாரும் எழுதிவைக்கவில்லை.