அயற்பொருள்: ஒன்று

துரியால்பா எரிமலை மறுபடி இருமிய வாரம் அது.
கார்த்தாகோவில் கார்களெல்லாம் ஒரே இரவில் நரைத்திருந்தன.
சாம்பல் ஒரு சோம்பேறி.
மேலிருந்து விழும், விழுந்த இடத்தில் கிடக்கும்.
பேருந்து நிறுத்தத்துப் பெஞ்சின் அடிப்பக்கம்
எப்போதும்போல் பச்சையாகவே இருந்தது.

நாங்கள் பூசுவது விழுவதில்லை.

படகு மாதிரி ஒரு சின்னத் தட்டில்
வெள்ளைப் பொடி நாற்பது கிராம் அளந்து வைப்பேன்.
நூற்றைம்பது டிகிரியில் ஆவியாகும்.
அறுநூற்று எண்பதில் ஒவ்வொரு மூலக்கூறும் இரண்டாகப் பிளக்கும்.
பிளந்தவை காற்றில்லாத அறைக்குள் துணை தேடி வந்து
அகப்பட்டதன்மேலெல்லாம் கைகோத்துப் படியும்:
மேலே, கீழே, முடுக்கில், ஊசித்துளையின் உட்சுவரில்.
நிழல் என்றால் என்னவென்று அதற்குத் தெரியாது.
எட்டு மைக்ரான்.
இதயத்துக்குள் போகிற கம்பிக்கும்
இரத்தத்தின் உப்புக்கும் நடுவே அவ்வளவுதான்.

பூசுவது எளிது; பூசாமல் விடுவதுதான் வேலை.
கம்பியின் நுனி சதையைத் தொட்டுப் பேசியாக வேண்டும்.
ஒவ்வொரு நுனிக்கும் யோர்லேனி ஒரு குட்டி உறை மாட்டுவாள்,
ஒரு ஷிப்டில் இருநூற்றுப் பன்னிரண்டு.
ஒன்றை மறந்தால்
யாரோ ஒருவருடைய நெஞ்சில் ஓர் ஊமை குடியேறும்.
அவள் மறந்ததில்லை.

புதன் விடிகாலை அறையைத் திறந்தேன்.
கூடவே உள்ளே போய்வந்த சாட்சிக் கண்ணாடித் துண்டை அளந்தேன்.
எட்டு புள்ளி ஒன்று. நல்ல பூச்சு.
கிரெத்தெல் உமாஞா மைக்ரோஸ்கோப்பிலிருந்து தலையெடுக்காமல்
"மாய்னோர், இங்கே வா, பார்" என்றாள்.

மூன்றாம் தட்டு. பதினேழாம் கம்பியின் தோளில்
ஓர் இமைமயிர்.
கறுத்து, வளைந்து,
வேர்முனையில் ஒரு துகள் சாம்பலோடு
மழையில் நனைந்ததுபோல் மினுங்கிக்கொண்டிருந்தது.
அதற்கும் எட்டு மைக்ரான்.
இனி அதை வியர்வை தொடாது, அமிலம் அரிக்காது,
அது உதிர்ந்த கண்ணைவிட அதிக நாள் இருக்கும்.

படிவம் கேட்டது: அயற்பொருள் என்ன? எத்தனை? நீளம்?
இழை. ஒன்று. ஏழு மில்லிமீட்டர்.
யாருடையது என்று எழுத அதில் கட்டம் இல்லை.
ஒட்டியதை உரிக்கப் போனால் கம்பியும் போகும்.
இருநூற்றுப் பன்னிரண்டும் சிவப்புப் பெட்டிக்கு.

வரிசையில் நின்றோம். நான்கு பெண்கள், நான்.
தலையுறை, முகமூடி, கையுறை;
வெளியே தெரிந்தது கண்கள் மட்டும்.
மேற்பார்வையாளர் பெண்களின் இமைகளை
ஒவ்வொன்றாக எண்ணுவதுபோல் பார்த்தார்.
என்னிடம் வந்ததும் கடிகாரத்தைப் பார்த்தார்.

"என்னுடையதாக இருக்கலாம்" என்றாள் யோர்லேனி.
அவள் இமைகள் நீளம், எல்லோருக்கும் தெரியும்.
மூன்று நாள் மறுபயிற்சி, சம்பளமில்லாத ஒரு சனி.
தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு
பேனாவின் மூடியை மறக்காமல் மாட்டினாள்.

வீட்டில், குளியலறைக் கண்ணாடியில்
இடது மேலிமையை இழுத்துப் பார்த்தேன்.
வரிசையில் ஓர் இடைவெளி. ஒரே ஒரு மயிரளவு.
செவ்வாய் இரவு பேருந்துக்காக நின்றபோது
சாம்பல் கரித்ததும், கசக்கியதும்
அப்போதுதான் ஞாபகம் வந்ததாக
எனக்கே சொல்லிக்கொண்டேன்.

வியாழன். பெஞ்சைக் கைக்குட்டையால் துடைத்து
எனக்கும் இடம் விட்டு உட்கார்ந்தாள் யோர்லேனி.
ஆறு நிமிடத்தில் பேருந்து வந்துவிடும்.
சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"இன்றைக்குச் சாம்பல் பரவாயில்லை, இல்லையா?" என்றேன்.
"கொஞ்சம் குறைவுதான்" என்றாள்,
என் கண்ணைப் பார்த்தபடி.