அரைப்பேர்ப் பூனை

கந்தப்பளையில் பனி கொட்டாது.
உறையும்.
விடிய நாலரைக்குப் பார்த்தால்
லீக்ஸ் பாத்தியெங்கும் சீனி.
வெயில் ஏறினால்
தேயிலைத் தளிர் தீய்ந்து கறுத்திருக்கும்.
இந்தக் குளிரை வைத்து
ஒரு மாயக்கதை எழுதலாமென்று
பழைய கொழுந்துக் கணக்குப் புத்தகத்தைத்
தலைகீழாய்த் திருப்பி
பின்பக்கத்திலிருந்து தொடங்கினேன்.

வடதேசத்து ஆட்களை வரவழைத்தேன்.

கொம்பன் முதலில் வந்தான்.
கையில் சங்கிலி,
முதுகில்
கெட்ட பிள்ளைகளை அள்ளிப்போகும் கூடை.
மேக்கணக்குப் பிள்ளைகள் கூடையைச் சுற்றிவந்து
"எத்தனை கிலோ பிடிக்கும்?" என்றார்கள்.
முகம் செத்துப்போனது அவனுக்கு.
அடித்துவிட்டேன், இரண்டு பக்கத்தையும்.

அடுத்து வாத்துக்கால்காரி.
மார்கழி இரவுகளில் வீடுவீடாய் நுழைந்து
நூற்று முடிக்காதவள் வயிற்றைக் கிழித்து
வைக்கோல் திணிப்பவள்.
எங்கள் லயத்தில்
நூலுமில்லை, கதிருமில்லை.
கிழித்த இடத்தில்
காலை தின்ற அரை ரொட்டியும்
சாயத்தண்ணியும்.
இதில் திணிக்க என்ன இருக்கிறதென்று
அவளே தைத்துவிட்டுப் போய்விட்டாள்.

உறைபனிக் கிழவரை
பெக்டரிக்கு அழைத்துப்போய்
ரோதமுனிக்கு அறிமுகம் செய்தேன்.
சேவல் வாங்காமல்
ரோதையைச் சுற்றவிடாதவர் முனி.
"இவர் என்ன கேப்பார்?"
"ஒண்ணும் கேக்கமாட்டார், சாமி. பரிசு குடுப்பார்."
முனி நம்பவில்லை.
அதற்குள் அடுப்புச் சூட்டில்
கிழவரின் தாடி
கொதிதூள் மேல் சொட்டத் தொடங்க
டீமேக்கர் சத்தம் போட்டார்.

கடைசியில்தான் பூனை.
அதுவும் ஒரு தீவுப் பூனைதான்.
மாட்டளவு. மீசையில் ஐஸ்.
நத்தாருக்குப் புதுத்துணி உடுத்தாதவரைத் தின்னும்.
கம்பளி வேலையை
நேரத்துக்கு முடிக்காதவருக்குப்
புதுத்துணி கிடையாதாம் அங்கே.
வாசித்துவிட்டு வெகுநேரம் இருந்தேன்.
அரைப்பேர்.
எங்கள் ஊர்ச் சொல்லே இருக்கிறது அதற்கு.

அன்றிரவு நிற்காமல் ஓடியது கதை.
கண்ணுக்கு நிறம் தேடவில்லை:
தராசில் எரியும் சிவப்பு எண்கள்.
குரலுக்குத்தான் கொஞ்சம் திணறினேன்.
பிறகு அதுவாகவே வந்தது,
என் தொண்டையிலிருந்து:
"தண்ணிக்கழிவு ரெண்டு."

இருபத்துமூன்றாம் தேதி
கரோல் லொறி மேட்டில் ஏறியது.
பிளாஸ்டிக் முகம், இலாஸ்டிக் தாடி,
உள்ளே இன்னாசி,
தொப்பிக்குள் வேர்த்துக்கொண்டு
டொபி எறிந்தான்.
கொழுந்து மடுவத்தில் வரிசை நின்றது.
ஞானசீலியின் சாக்கு பத்தொன்பது.
கழிவு ரெண்டு. பதினேழு.
பதினெட்டுக்குத்தான் முழுப்பேர்.

அவள் முகத்தைப் பார்க்காமலிருக்க
பூனைக் கதையைச் சொன்னேன்.
சாக்கை உதறிக்கொண்டே கேட்டாள்.
சிரித்தாள்கூட.
"அந்தப் பூனைக்கு வாசிக்கத் தெரியுமா
கணக்கய்யா?"
"தெரியாது."
"அப்ப
யாரு உடுப்பு எடுக்கலேன்னு
அதுக்கு யாரு சொல்றது?"

வரிசை நகர்ந்தது.
அடுத்த சாக்கை வைத்தார்கள்.
என்ன நிறையென்று
இரண்டு தரம் கேட்டு எழுதினேன்.

நாற்பத்தோராம் பக்கத்தில்
பத்தாம் நம்பர் லயத்து மூலையில்
பூனை வந்து நிற்கிறது.
முன்கால் ஒன்று தூக்கியபடி.
கீழே ஊன்ற
நான் இன்னும் விடவில்லை.
இந்தப் பக்கம் எழுதினால்
அந்தப் பக்கம் ஊறுகிறது மை,
பெயர்களின் மேல்.