இரண்டாவது ஆட்டின் ஏழு

அம்பாசமுத்திரம் மனமகிழ் மன்றத்தில்
மோட்டார் அறைக்குப் பக்கத்து அறை எனக்கு.
நாலாகக் கிழித்த ஒரு டி.வி.,
நாலு துண்டிலும் பச்சை விரிப்பு,
மேலே இருந்து பார்த்தால் எல்லாருக்கும் வழுக்கை.

செயலாளர் ஞானதிரவியம் முதல் நாளே சொன்னார்:
"செயிக்கிறவனப் பாக்காத.
தோக்காதவனப் பாரு."

தோற்காதவர் வி.கே.புரத்திலிருந்து வந்தார்.
சொரிமுத்து. மில்லில் பாபின் கணக்கு.
ஒரு சுக்குக் காப்பி, அதுவும் பாதி.
கை சரியில்லையென்றால்
இருபது புள்ளியைக் கொடுத்துவிட்டு
காலை நீட்டிக்கொள்வார்.
எட்டு மாதத்தில் ஒரு தடவைகூட
எண்பது கொடுத்ததில்லை.
மற்றவர்கள் தம் கையைப் பார்க்கும்போது
அவர் பார்த்தது
நடுவில் விழுகிற சீட்டை.

எண்ணுகிறவனைப் பிடிக்க
எண்ணத் தெரியவேண்டும்.
இரண்டு கட்டு, இரண்டு ஜோக்கர், நூற்றி ஆறு.
ரேஷன் கார்டின் பின்னட்டையில் குறித்துப் பழகினேன்,
பிறகு விரலில்,
பிறகு எதிலும் இல்லை.
ராத்திரி குளிக்கும்போதுகூட
எந்தக் கிளாவர் இன்னும் வரவில்லை என்று தெரிந்தது.

ஆவணியில் ஒரு சனிக்கிழமை.
சொரிமுத்து கையில் ஆட்டின் எட்டும் ஒன்பதும்.
பத்து இரண்டும் எப்போதோ போய்விட்டன,
ஏழில் ஒன்றும் போய்விட்டது.
மூன்றாவது நாற்காலி செங்கல்சூளைக்காரர்
மிச்சமிருந்த ஏழை எறிந்தார்.
அடுத்தவர் அதன்மேல் ஒரு ராஜாவைப் போட்டு மூடினார்.
சொரிமுத்து
மூச்சு விடுகிற நேரம்கூட எடுக்கவில்லை,
ஒன்பதைக் கழற்றினார்.

நான் எழுந்து நின்றுவிட்டேன்.

வெளியே போ என்று யாரும் சொல்லவில்லை.
சந்தா கட்டிய உறுப்பினர்,
தம்பி மருமகன் வக்கீல்.
முதலில் நாற்காலியை மாற்றினார்கள்,
ஃபேன் காற்று சீட்டைப் புரட்டுகிற இடம்.
அப்புறம் மூன்றாவது கட்டைச் சேர்த்தார்கள்.
அப்புறம் பக்கத்தில்
பேச்சு நிற்காத கான்ட்ராக்டர் காந்திமதிநாதன்,
மகள் கல்யாணத்துக்கு எத்தனை இலை விழுந்தது
என்பதில் தொடங்கி.
பாதி ஆட்டத்தில் கலைத்துப் போட்டார்கள்.
எறிந்த சீட்டின்மேல் முறுக்குத் தட்டை வைத்தார்கள்.
அப்படியும் எண்பது கொடுக்கவில்லை மனுசன்.

கடைசியில் ஞானதிரவியம் தோளில் கை போட்டு,
"தினமும் வாரும் அண்ணாச்சி.
பேப்பர் படியும், காப்பி நம்ம கணக்கு.
சீட்ட மட்டும் தொடாதேயும்."

அதற்கு முன்னால் என்னைக் கூப்பிட்டு
எப்படித் தெரியும் என்று கேட்டிருந்தார்.
அந்த ஆட்டம் முழுவதையும் ஒப்பித்தேன்,
விழுந்த வரிசைப்படி.
கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார்.
"அப்போ நீயும் எண்ணுதே."
மறுவாரம்
என் அறையிலும் ஒரு கேமரா வந்தது.

ஆர்ச் பக்கம் பஸ்ஸுக்கு நிற்கையில்
சொரிமுத்து கிட்டே வந்தார்.
கோபம் இல்லை. புளிப்பு மிட்டாய் ஒன்று நீட்டினார்.
"எதுல பிடிச்சீரு?"
"ஆட்டின் ஏழு. ரெண்டாவது."

சிரித்தார்.
"அன்னைக்குக் கண்ணாடியே கொண்டு வரல வே.
ஏழு எது, எட்டு எதுன்னு தெரியல.
கடேசி பஸ்ஸுக்கு நேரமாச்சு,
கைக்கு வந்ததப் போட்டேன்."

நினைத்துப் பார்க்கிறேன்.
அந்த ஆட்டின் நூற்றி ஆறு சீட்டும்
இன்னும் வரிசையாக நிற்கிறது.
அவர் முகத்தில் கண்ணாடி இருந்ததா என்பது மட்டும்
வரவில்லை.

பாபநாசம் பஸ் வந்தது.
ஆளுக்கொரு டிக்கெட்.
எல்லாரும் ஒரு தடவையாவது பார்ப்பார்கள்,
சில்லறை சரியா, ஊர் சரியா என்று.
அவர் பார்க்காமல் நாலாய் மடித்து
பையில் போட்டுக்கொண்டார்.

யாராவது அப்படி மடிப்பார்களா?