கடைசி நுழைவு: நேற்று, 2.10

பீன்யா இரண்டாம் கட்டம்.
ஞாயிறு என்பதால் லேத்துகள் வாய் திறக்கவில்லை.
மாடிப்படிக்குக் கீழே
துடைப்பமும் பினாயிலும் இருக்கும் அறையில்தான்
இந்த வால்வு கம்பெனி தன் சர்வரையும் வைத்திருக்கிறது.
சாவியைத் தந்த காவலர்
"ஏசி போடாதீங்க மேடம், லைன் டிரிப் ஆகும்" என்றார்.
போட்டேன்.
டிரிப் ஆனது.
அரை மணி தாங்கும் என்று ஒட்டியிருந்த யூபிஎஸ்
நாற்பது விநாடி தாங்கியது.
குறித்துக்கொண்டேன்: பேட்டரி, இரண்டு.

பதினான்கு மாதத் தபாலைப் பிரிக்காத வீடு போல
பேட்ச்சுகள் குவிந்து கிடந்தன.
நீலப் பட்டை நகர்ந்து நகர்ந்து
முப்பத்தொன்றில் நின்றது.
அது நிற்கும் நேரத்தில்
கீபோர்டுகளைக் கவிழ்த்துப் பார்ப்பது என் வழக்கம்.
ஷைலஜாவின் கடவுச்சொல் மஞ்சள் தாளில்.
கொள்முதல் பிரிவிலும் அதே சொல், கடைசியில் ஒரு ஒன்று கூட்டி.
முதலாளி ஹெக்டேயுடையது எந்தத் தாளிலும் இல்லை;
எல்லோருக்கும் அது மனப்பாடம்.

பிறகு பெயர்ப் பட்டியல்.
சம்பளம் வாங்குவோர் இருபத்திரண்டு,
பட்டியலில் ஐம்பத்தொன்று.
போனவர்களை முடக்கிக்கொண்டே வந்தேன்.
மைசூருக்கு மாறிப் போனவள்.
எதிர்க் கம்பெனியில் சேர்ந்தவன்,
அவன் பெயருக்கு விலைப்பட்டியல் இன்னும் திறந்தது.
மூன்றே நாள் வந்த பயிற்சிப் பையன்.

நஞ்சுண்டையா, ஸ்டோர்ஸ்.
கடைசி நுழைவு: நேற்று அதிகாலை 2.10.

வரவேற்பறையில் அவர் படத்துக்கு மாலை.
அதைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தேன்.

பேய்க்குப் பயப்படும் வேலையில்லை என்னுடையது.
செத்தவர் பெயரில்
உயிரோடு யாரோ வந்து போனால்
அதற்குத்தான் அடிவயிறு கலங்கும்.
நெட் கேபிளைப் பிடுங்கினேன்.
பதிவுகளைப் பின்னோக்கி உருட்டினேன்.
முந்தாநாள் 2.10. அதற்கு முன்னும் 2.10.
எந்தத் திருடனும் இத்தனை நேரம் தவறாமல் வரமாட்டான்.

எட்டு வருடம் முன்பு அவர் ஏற்பாடு செய்த வேலை.
இரவுதோறும் சரக்கு லெட்ஜரை
வெளி டிஸ்க்கில் நகல் எடுக்க வேண்டும்.
அந்த டிஸ்க்கா,
யாரோ கல்யாண வீடியோ போட்டுக்கக் கழற்றிப் போய்
மூணு வருஷமாச்சே என்றார் காவலர்.
வேலை மட்டும் எழுந்திருக்கிறது,
கதவைத் தடவியிருக்கிறது,
'பாதை இல்லை' என்று ஒரு வரி எழுதிவிட்டுப்
படுத்திருக்கிறது.
ஆயிரத்துச் சொச்சம் வரிகள்.
படிக்க ஆளில்லை.
வேறு நகலும் இந்தக் கட்டடத்தில் இல்லை.

விளக்கம் என்ற கட்டத்தில்
தட்டி வைத்திருந்தார்:
தயவிட்டு நில்லிஸ்பேடி.
என் கன்னடம் பஸ் அளவுக்குத்தான்.
இறங்கும் இடம் தாண்டும்போது நான் கத்துவது நில்லிஸி.
இவர் அதற்கு நேர்மாறாகக் கெஞ்சியிருக்கிறார்.

புது டிஸ்க்கைச் செருகினேன்.
இந்த வேலைக்கென்றே தனிக் கணக்கு,
நகல் எடுக்க மட்டும் அனுமதி.
எடுத்ததிலிருந்து ஒரு கோப்பைத் திறந்தும் பார்த்தேன்,
திறந்து பார்க்காத நகலை நான் நம்புவதில்லை:
மூன்றங்குல பித்தளை வால்வு, கையிருப்பு 212.
ராக்கில் போய் எண்ணினேன்.
209.
அது என் கணக்கில் வராது.

அப்புறம் நஞ்சுண்டையாவை முடக்கினேன்.
'உறுதியா?' என்றது.
எல்லாவற்றுக்கும் அப்படித்தான் கேட்கும்.

விளக்கக் கட்டத்தில்
விதிப்படி என் பெயர், தேதி, காரணம்.
அதற்குக் கீழே அவர் வரியை
எழுத்து மாறாமல் ஒட்டினேன்.

திங்கள் காலை ஹெக்டேயின் ஃபோன்.
பில்லில் டிஸ்க் எதற்கு இரண்டு என்றார்.
ஒன்றை யாராவது கல்யாணத்துக்குக் கழற்றிப் போவார்கள் சார் என்றேன்.
கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை.