சும்மா என்றொரு நிலையம்

ஆராவிலிருந்து ஓல்ட்டனுக்குப் பத்து நிமிடம்.
ஒரு மீட்டர் இருபது நீளப் பலகையை
மடிமேல் குறுக்கே கிடத்தி
ரயிலுக்குள் ரயில்பாதை கொண்டுபோனேன்.
பரிசோதகர் டிக்கெட்டைப் பார்க்கவில்லை.
குனிந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
"உங்கள் சிக்னல் சிவப்பில் நிற்கிறது" என்றார்,
அவர் வண்டியை நான்தான் மறித்துவைத்திருப்பதுபோல.

பள்ளிக்கூட விளையாட்டரங்கு.
கூடைப்பந்து வளையத்தின் கீழே
நாற்பத்தொரு பேர், நாற்பத்தொரு பலகை.
விதி இரண்டுதான்:
தரையிலிருந்து தண்டவாளம் நூற்று முப்பது சென்டிமீட்டர்.
இரண்டு முனையும் எல்லாருக்கும் ஒரே அளவு.
நடுவில் பாலம் கட்டு, பனி கொட்டு,
மாட்டை ஓட்டுமேல் மேயவிடு,
ஏனென்று கேட்க ஆளில்லை.
கல்யாணத்தின்போதுகூட
இவ்வளவு தெளிவாக எனக்கு யாரும் விதி சொன்னதில்லை.

நான் செய்தது காட்டோரம் ஒரு நிறுத்தம்.
மண், ஒரு குளிர்காலம் முழுக்க நான் குடித்த தேநீர்;
சக்கையை அவனில் காயவைத்துச் சலித்தது.
வெள்ளைப் பசை, தண்ணீர்,
பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு துளி.
அந்தத் துளி இல்லையென்றால்
பசை மண்ணுக்குள் இறங்காது,
முத்து முத்தாய் மேலே நின்று முறைக்கும்.
ஆஸ்பத்திரிச் சலவையறையில் இரவுவேலை முடிந்து
காலை ஆறரைக்குப் புல் நட்டேன்.
பெயர்ப்பலகைக்கு ஒன்றும் தோன்றாமல்
லத்தீன் எழுத்தில் 'சும்மா' என்று ஒட்டினேன்.

அன்னெலீஸ் வாசித்துவிட்டு
"ஓ, கூட்டுத்தொகை!" என்றார்.
அவர்கள் பக்கம் அதற்கு அப்படித்தான் பொருளாம்.
ஏறக்குறைய, என்றேன்.

என் பலகையின் ஒரு கால் மூன்று மில்லிமீட்டர் குட்டை.
பக்கத்துத் திராட்சைத் தோட்டக்காரர்
பீர்க்கோப்பை அட்டையை மடித்து அடியில் செருகினார்.
பிறகு அன்னெலீஸ் சரக்குச் சீட்டுக் கட்டோடு வந்தார்.
"உங்கள் நிலையத்துக்கு என்ன வேண்டும்?"

ஒன்றும் வேண்டாம்,
விருந்துக்குப் போன வீட்டில் சொல்கிற குரலில்
தானாக வந்தது வாயில்.

"வேண்டாத நிலையத்துக்கு வண்டி வராது."
கோபமில்லை. மழை வரும் என்பதுபோலச் சொன்னார்.

பேனாவை வெகுநேரம் வைத்திருந்தேன்.
மதியம் கொடுத்த பூசணி சூப்பில் உப்பில்லை.
அதனால் எழுதினேன்: உப்பு, ஒரு வண்டி.

அரங்கின் மறுகோடியில்
ஏறுகம்பிகளுக்குப் பக்கத்தில் ஃப்ரிடோலின்.
அவருடையது உப்பாலை.
ஏழு வருடமாகக் கொண்டுவருகிறார்.
மரம் கேட்பார்கள், பீர் கேட்பார்கள்,
சர்க்கரைக் கிழங்கு கேட்டுச் சண்டைகூடப் போடுவார்கள்.
உப்பை யாரும் கேட்டதில்லை.
என் சீட்டை இரண்டு தரம் வாசித்தாராம்.

சுவர்க் கடிகாரம் அங்கே நான்கு மடங்கு வேகம்;
மாலை நான்கரைக்கு விடிந்துகொண்டிருந்தது.
கட்டுப்பாட்டுக் கருவியைக் கையில் பிடித்தபடி
வண்டிக்குப் பக்கத்திலேயே நடந்து வந்தார்,
வண்டி அவரைவிட மெதுவு.
யாருடையதோ சுரங்கத்தில் கொக்கி கழன்று
கடைசிப் பெட்டி உள்ளேயே தங்கிவிட,
முழங்கை வரை கையை விட்டு மீட்டார்.
பிறகு என் எல்லையில் நிறுத்திவிட்டார்.
சிக்னல் சிவப்பு.

அது வெறும் பொம்மை, போகலாம், என்றேன்.
அவர் போகவில்லை.
நிற்கிறார். பின்னால் இன்னொரு வண்டியும் நிற்கிறது.
பசை போட்டு ஒட்டிய கையை
நகத்தால் நெம்பினேன்.
டிக் என்றது.
எழுந்தது.

பெட்டிக்குள் ஒன்றுமில்லை.
சீட்டில் பத்து டன்.
"எங்கே இறக்கட்டும்?"
தெரிந்தவள்போல் கை காட்டினேன்.

போகும்போது சீட்டைத் திருப்பி நீட்டினார்.
மறுபக்கம் காலி: இங்கிருந்து அனுப்புவது?
நிலையத்தைப் பார்த்தேன்,
தண்டவாளத்தின் கீழே, மரத்தடியில், எங்கும்.
தேயிலை, என்று எழுதினேன்.
அடைப்புக்குறிக்குள்: குடித்தது.

கேட்பார் யாரென்று தெரியாது.
ஒரு ஏழு வருடம் பார்க்கலாம்.