விளக்கம் கோரி

அனுப்புநர் என்ற இடத்தில்
பெயரை எழுதிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.
மணி ஒன்றே கால்.
உசிலம்பட்டி வாடகை வீட்டில்
மின்விசிறி இரண்டாம் எண்ணில் மட்டும் சுற்றும்.

பொருள்:
வடக்குத் தெரு மோட்டார். பதினோரு நாள்.

பார்வை:
இங்கேதான் கை நிற்கிறது.
அலுவலக வழக்கப்படி
கடித எண்ணும் தேதியும் வரவேண்டிய இடம்.
எனக்கு வருவதோ
சாமியானா நிழலில் அறுபது எழுபது முகம்,
குடத்தைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்திருந்த ஒருத்தி,
தலைக்குமேல் தூக்கிப் பிடித்த போன்கள்.

காந்தி ஜெயந்தி கிராமசபை.
தீர்மானப் புத்தகம் கையெழுத்துக்குச் சுற்றிக்கொண்டிருந்தது.
எம்.எல்.ஏ. மைக்கை வாங்கினார்.
"இஞ்சினியர் யாரு? எந்திரிம்மா.
ஒனக்குச் சம்பளம் மட்டும் ஒண்ணாந்தேதி
குழாயத் தொறந்த மாதிரி வந்துருதுல்ல?"
சிரித்தார்கள்.
என்ன செய்வதென்று தெரியாமல்
நானும் கொஞ்சம் சிரித்துவிட்டேன்.
வீடியோவில் அதுதான் தெளிவாக விழுந்திருக்கிறது.
"பாருங்க, எருமை மாட்டு மேல மழை பேஞ்ச மாதிரி நிக்கிறத."
அந்த ஊருக்கு அன்று வந்தது
அந்த ஒரு மழைதான்.

சாயங்காலத்துக்குள் யாரோ அதற்கு
உருமி மேளம் சேர்த்திருந்தார்கள்.
திருப்பூரிலிருந்து சின்ன மாமியார் அனுப்பிக் கேட்டார்:
இது நீயாம்மா?

ஐயா,
மோட்டார் எரிந்தது செப்டம்பர் இருபத்தொன்று.
மூன்று கடிதம் எழுதினேன்.
மூன்றாவதை நான் எழுதும்போது
முதலாவது பக்கத்து மேசைக்கே போயிருக்கவில்லை.
இது உண்மை.
மூன்று கடிதம் எழுதியவள்
ஒரு நாள்கூட வடக்குத் தெருவில் கால் வைக்கவில்லை.
இதுவும் உண்மை.
மெமோவில் கேட்டிருப்பது முதலாவதை மட்டும்.

சங்கத்திலிருந்து வந்தார்கள்.
திங்கட்கிழமை, ஒன்றிய அலுவலக வாசல், கருப்புப் பட்டை.
"இன்னைக்கு ஒங்கள எந்திரிக்கச் சொன்னவரு
நாளைக்கு எங்களையும் சொல்லுவாரு" என்றார்
செயலாளர் வைரமணி. நியாயம்தான்.
பட்டையோடு ஊக்கும் தந்தார்.
கைப்பையில் கிடக்கிறது,
சில்லறையைத் தேடினால் விரலில் குத்துகிறது.

நேற்று ராத்திரி அவரே போன் செய்தார்.
"தங்கச்சி, மனசுல வச்சுக்காதம்மா.
வண்டிய மறிச்சு நிக்குது சனம்,
நான் யாரக் கையக் காட்டுறது?"
மைக் இல்லாமல்
அவ்வளவு சின்னக் குரல் அவருக்கு.
சரிங்கய்யா என்றேன்.
திட்டியதற்கு ஊர் சாட்சி.
இதற்கு மின்விசிறி.

இணைப்பு:
கடித நகல்கள், மூன்று.
அந்தத் தெருவில் இணைப்பு நாற்பத்திரண்டு.
கிராமசபைக்கு மறுநாளே
புது மோட்டார் வந்து இறங்கியது.
என் மூன்று கடிதம் அசைக்காததை
ஒரு கத்தல் அசைத்தது.
இதை எந்தப் பத்தியில் சேர்ப்பது?

மாட்டும்போது வாசர் விலகிப் பீய்ச்சியது.
சேலை முழுக்கத் தண்ணீர்,
சுற்றிலும் குடங்களோடு தெரு.
தொட்டி இயக்குகிற மொக்கைச்சாமியைப் பார்த்துச் சொன்னேன்:
"இத்தன வருசமா என்னத்தப் புடுங்குனீங்க?"
மாதம் நாலாயிரம், அதிலும் இரண்டு மாதம் பாக்கி.
துண்டில் கையைத் துடைத்தார்.
என்ன செய்வதென்று தெரியாமல்
கொஞ்சம் சிரித்தார்.

பெயர் கைப்பேசியில் இருக்கிறது.
இரண்டு முறை எடுத்து வைத்துவிட்டேன்.
ஐந்து மணிக்குத் தொட்டிக்கு வருவார்.
அந்த நேரம் வடக்குத் தெருவில்
ஆள் நடமாட்டம் இருக்காது, சொல்வது சுலபம்.

ஏழு மணிக்கென்றால்
குழாயடியில் எல்லோரும் இருப்பார்கள்.